பதினாலாம் நம்பர் பாட்டு

ஒரு பாட்டின் விலை இரண்டரைக் காசு. ஆயிரம் பாட்டு இருபத்தைந்து வெள்ளி, பென் டிரைவும் சேர்த்து. பேரம் பேசினால் இருபத்திரண்டுக்கு இறங்குவேன். பேசாமல் கொடுப்பவரிடம் முழுசாக வாங்கிக்கொண்டு, இந்த மனிதர் எப்படித்தான் பிழைக்கப்போகிறாரோ என்று மனத்துக்குள் வருந்துவேன்.

ஜொகூர் மாநிலத்து மாசாயில், கடைவீட்டு வரிசையில் கடைசிக்கு முந்தின கடை என்னுடையது. கைப்பேசி உறை, சார்ஜர், கைப்பேசிக்குக் காசு ஏற்றும் ரீலோட், உடைந்த கண்ணாடி மாற்றுவது எல்லாம் உண்டு. ஆனால் கமலநாதன் என்று சொன்னால் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்காரர்களுக்கும், யோங் பெங் பக்கமிருந்து செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிக்காரர்களுக்கும் பென் டிரைவ்தான் ஞாபகம் வரும். உலகத்துப் பாட்டெல்லாம் கைப்பேசியில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கும்போது எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று என் மைத்துனர் கேட்பார். கொட்டிக் கிடப்பதால்தான் வாங்குகிறான். தேடுவதற்கு ஒரு கை வேண்டும். வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறது. அதோடு, எதைத் தேடுவது என்றும் அவனுக்குத் தெரியாது. அதை நான் தெரிந்துவைத்திருப்பதாக அவன் நம்பினான். என் வியாபாரமே அந்த நம்பிக்கைதான்.

அதற்காகவே ‘முதல் இருபது’ என்று ஒன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு பென் டிரைவிலும் முதலில் ஓடுவது இருபது புதுப் பாட்டு. எல்லாம் நம் நாட்டுப் பிள்ளைகள் போட்டது. மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். ‘ஒவ்வொன்றாகக் கேட்டுப் பொறுக்கியவை’ என்று கடை வாசலில் அட்டைகூட மாட்டியிருந்தேன்.

பொறுக்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது பாட்டுப் போடாத பிள்ளை கிடையாது. படுக்கையறையில் ஒரு மடிக்கணினி, இரண்டு தலையணைக்கு நடுவில் ஒரு மைக், அவ்வளவுதான் முதலீடு. நாளுக்குப் பத்துப் பதினைந்து பாட்டு என் வாட்ஸ்அப்புக்கு வந்து விழும். கீழே, ‘அண்ணே, கேட்டுட்டு சொல்லுங்க’ என்று ஒரு வரி. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்புவேன். முதல் இருபதில் சேர்க்க ஐம்பது வெள்ளி கேட்பேன், முப்பதுக்கு முடியும். காசு கட்டியவர்களின் பாட்டைப் பத்து விநாடி ஓடவிடுவேன், துணியின் ஓரத்தை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பதுபோல. இடம் மிச்சமிருந்தால் பழைய குவியலில் கையை விட்டு, அகப்பட்டதைப் போட்டு நிரப்புவேன். அதற்குப் பத்து விநாடியும் கிடையாது.

இன்னொன்றும் செய்தேன். பாடியவர் பெயரை எடுத்துவிடுவேன். ‘கே.என். மாசாய் 001’, ‘002’ என்று கடைப் பெயரையும் எண்ணையும் மட்டும் போடுவேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடும் ஒருவன் என் இருபதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருந்தான் என்பது ஒரு காரணம். ஆனால் அது எங்கள் வீட்டுப் பழக்கமும்கூட. ஜொகூர் பாருவில் எங்கள் துணிக்கடையில் மூட்டை வந்திறங்கியதும் முதல் வேலை, அனுப்பியவன் முத்திரையைக் கிழித்தெறிவது. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த முறை நேரே அங்கேயே போய்விடுவார் அல்லவா?

போன ஆண்டு ஜூலையில் காசு கட்டியவர்கள் பதின்மூன்று பேர்தான். மிச்சம் ஏழை நான் குவியலிலிருந்து போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை தங்கராஜு அண்ணன் கடைக்கு வந்தார். தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவர். இரவு வேலை முடிந்த பெண்களைப் பாசிர் கூடாங்கிலிருந்து ஏழு மணிக்கு ஏற்றி மாசாயில் வீடு வீடாக இறக்குவார். வழக்கமாக என்னிடம் எதையாவது குறை சொல்லிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவார். அன்று வந்து, பதினாலாம் நம்பரைப் பாடியவன் யார் என்று கேட்டார். தெரியாது என்பதை வியாபாரி எப்படிச் சொல்வான்? எதற்கு என்று கேட்டேன்.

வேனில் ஏறும் பெண்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்களாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள். பாட்டெல்லாம் அவருக்குத்தான், கண் சொக்காமல் இருக்க. திங்கட்கிழமை பதினாலாம் பாட்டு ஓடும்போது ஒருத்தி கண் விழித்தாள். செவ்வாய்க்கிழமை பாதிப் பேர். புதன்கிழமை தேன்மொழி என்பவள், ஓட்டுநரிடம் சண்டை போடுவதற்கென்றே பிறந்தவள், எழுந்து முன்னால் வந்து, அதைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, அங்கேயே கம்பியைப் பிடித்தபடி நின்றாளாம்.

அதுகூடப் பரவாயில்லை என்பதுபோல அவர் குரலைத் தாழ்த்தினார். கடை முதலாளி என்பதால் என்னைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார். “இருவது வருஷமா அந்த லைட்டுல சோத்துக்கை பக்கம் திரும்புறேன் தவுக்கே. நேத்து நேரா போயிட்டேன். ஒரு பொம்பள கூட கேக்கல, ஏன்டா நேரா போறேன்னு.”

அவர் போனதும் கடையில் பதினாலைப் போட்டேன். பீப், பீப் என்று ஏதோ ஒரு சத்தம். அதற்கு மேல் ஓர் ஆண் குரல். பத்து விநாடி ஆனதும் என் விரல் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. திரும்பப் போட்டேன். ஒரு பையன் சார்ஜர் கேட்டு வந்தான். மறுபடி போட்டேன். இந்தத் தடவை யாரும் வரவில்லை. ஆனாலும் பாட்டு காதுக்குள் போகவில்லை. இதற்கு இருபது கொடுப்பானா முப்பது கொடுப்பானா என்று மனம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடமாகப் பாட்டு விற்கிறேன். ஒரு பாட்டை அது முடிகிறவரைக்கும் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. முதல் தடவையாகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை தங்கராஜு அண்ணனின் வேனில் நானும் போனேன். கடைசி இருக்கைக்கு முன்னிருக்கை. பெண்கள் ஏறினார்கள், நீலச் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. என்னை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் சாய்ந்தன. பதின்மூன்று பாட்டு ஓடின. அவற்றுக்கு முப்பது முப்பது வெள்ளி வாங்கியவன் நான். ஒரு தலைகூட நிமிரவில்லை.

பிறகு அந்த பீப் சத்தம். கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும்போது எழுப்பும் சத்தம் அது என்று வேனில்தான் எனக்குப் புரிந்தது. அதுவே தாளம். வேறு மேளம் இல்லை. பாடுகிறவன் பக்கத்தில் நிற்கும் வேலைக்காரனிடம் பேசுவதுபோலப் பாடினான்: ‘பின்னால வர்றேன், தள்ளி நில்லு.’ வண்டியைப் பின்னால் எடுக்கிறான். கிடங்கைவிட்டு வெளியே வருகிறான். அப்படியே ரோட்டுக்கு வருகிறான். நிறுத்தாமல் பின்னாலேயே, கடந்துபோன வருடங்களுக்குள் போகிறான். தன் கல்யாணம், தங்கச்சி பரீட்சை, சிகாமட்டில் வெள்ளம் வந்த வருடம், அப்பா குளிர்ப்பெட்டியைத் தோளில் வைத்து மேசைமேல் ஏற்றியது, எல்லாவற்றையும் முதுகுப் பக்கமாகக் கடந்து போகிறான். ஒவ்வொரு இடத்திலும் அதே வரி, தள்ளி நில்லு. அப்பா செத்துப்போனார் என்று பாட்டில் எங்கும் வரவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை. வாசல்படியில் அப்பா பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பீப் சத்தம் நிற்கிறது. வண்டி நின்றுவிட்டது. அதோடு பாட்டும் முடிந்தது.

என் கைகள் முழங்காலில் கிடந்தன. அவை யாருடையவோபோல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவள், “இன்னொரு தடவ போடுங்க ண்ணே,” என்றாள். அது தேன்மொழியாகத்தான் இருக்க வேண்டும்.

வேனைவிட்டு இறங்கும்போது என் மனத்தில் இரண்டு எண்ணங்கள் இருந்தன. ஒன்று, இப்படி ஒன்றை என் வாழ்க்கையில் கேட்டதில்லை. இரண்டாவது, இது என் கையில் இருக்கிறது, வேறு எவனுக்கும் இன்னும் தெரியாது. எது முதலில் வந்தது என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

பாடியவனைத் தேடுவது பெரும்பாடாகிவிட்டது. பெயரைக் கிழித்தெறிந்தவன் நானே அல்லவா. பாட்டின் நீளம் நாலு நிமிடம் பதினொரு விநாடி. அந்த நீளத்தை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்த குவியலைக் கடையை அடைத்துவிட்டுத் தோண்டினேன். பிற்பகல் மூன்று மணிக்கு அகப்பட்டது. அனுப்பியவன் ரூபேந்திரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அனுப்பிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஐந்து தடவை எழுதியிருந்தான். கேட்டீங்களா ண்ணே. நேரம் இருக்கும்போது கேளுங்க ண்ணே. இப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கட்டைவிரல். கடைசியில், ‘பரவால்ல ண்ணே, பிஸியா இருப்பீங்க’ என்று முடித்திருந்தான். அதற்கும் ஒரு கட்டைவிரல்.

போன் செய்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கடைக்கு வந்தான். முப்பதுகூட ஆகாத ஆள், ஒல்லி, கையில் ஹெல்மெட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை என்றான். அவனுக்குச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை வந்திருந்தது. நம் காசுக்கு மாற்றினால் இங்கே வாங்குவதைப்போல மூன்று மடங்கு. ஆனால் விடியற்காலை நாலுக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஒன்பது ஆகும். பாட்டுக்கு நேரம் இருக்காது, மடிக்கணினியையும் மைக்கையும் விற்றுவிட வேண்டியதுதான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி ஷர்மினி போகச் சொல்கிறாள். அறுபது பேருக்குமேல் பாட்டை அனுப்பினானாம். ஒருவரும் பதில் போடவில்லை. கேட்டுவிட்டுக் கூப்பிட்ட முதல் ஆள் நான்தான்.

“உங்களுக்கு ஆயிரக்கணக்குல பாட்டு தெரியும் ண்ணே. மறைக்காம சொல்லுங்க. என் பாட்டு எப்படி இருக்கு? நல்லாருக்குன்னு நீங்க சொன்னா நான் போகல.”

இங்கே என் பிறப்பு வளர்ப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல சரக்கைக் கண்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். என் அம்மா கத்தரிக்காயைக் கையில் எடுத்தாலே அதில் புழு இருக்கும். பட்டு மூட்டையைப் பிரித்து, மனம் குளிர்ந்துபோனால், சாயம் சரியில்லையே என்று அப்பா நாக்கைச் சப்புக்கொட்டுவார். பெண் பார்க்க யோங் பெங் போயிருந்தபோது, எனக்குச் சாருமதியைப் பார்த்த கணத்திலேயே பிடித்துவிட்டது என்று தெரிந்து, என் சித்தப்பா, “பொண்ணு கொஞ்சம் உயரம் கம்மியோ,” என்று ஆரம்பித்தார். மளிகைக்கடை வைத்திருந்த அவள் அப்பா, “மாப்பிள்ளைக்கு முன்பக்கம் முடி கொட்டுதே,” என்றார். இரண்டு தரப்புக்கும் அப்போதுதான் நிம்மதி வந்தது. இது பொய் சொல்வது ஆகாது. பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு வழி. கேட்கிறவனுக்கும் அது தெரியும்.

ரூபேந்திரன் அப்பா சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்துச் சம்பளத்தில் பேரம் கிடையாது. கங்காணி சொன்னதுதான் தொகை.

மேசை இழுப்பறையில் ஐந்நூறு வெள்ளி எடுத்துவைத்திருந்தேன். அவன் இனிமேல் போடும் பாட்டெல்லாம் ஒரு வருடத்துக்கு முதலில் எனக்கே வர வேண்டும் என்பது என் கணக்கு. முந்நூறில் முடிக்கப் பார்ப்பேன், அவன் நின்று பேசினால் ஐந்நூறு வரைக்கும் ஏறுவேன். இவனைக் கண்டுபிடித்தவன் மாசாய் கமலநாதன் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள். அந்த ஆசையும் இருந்தது. முகத்தைச் சுளித்தேன்.

“சுமார்தான் தம்பி. குரல் அங்கங்க இறங்குது. அந்த பீப் பீப் சத்தம் வேற எரிச்சலா இருக்கு. இப்பல்லாம் இது மாதிரி ஆயிரம் வருது.”

அவன் இப்போது மறுத்துப் பேச வேண்டும். இன்னொரு தடவை கேளுங்க ண்ணே என்றாவது சொல்ல வேண்டும். அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

“நெனச்சேன் ண்ணே,” என்றான். “நீங்க ஒருத்தராவது முழுசா கேட்டு உள்ளத சொன்னீங்க. ரொம்ப நன்றி ண்ணே.”

என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அந்தக் கையைத் தன் நெஞ்சில் ஒருமுறை வைத்துக்கொண்டு, வெளியே போனான்.

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கடையைவிட்டு இறங்கியவனைக் கூப்பிடுகிறவன் விலையில் தோற்றவன். ஐந்தாவது அடியில் திரும்புவான், இல்லையென்றால் சாக்கடை மூடியைத் தாண்டும்போது திரும்புவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆயிரம் பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது அடி போயிற்று. சாக்கடை மூடியையும் தாண்டினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்து, சாலையில் இருபக்கமும் ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நாளைக்கு வருவான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சாருமதியிடம் சொன்னேன். நல்ல சரக்கு, கொஞ்சம் இழுக்கிறான், செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடுவேன் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவனிடம் என்ன சொன்னேன் என்று வரிக்கு வரி கேட்டாள். சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“என்னயப் பாத்தும் இப்படித்தான் சொன்னீங்க. எங்கப்பா வியாபாரி, நின்னு பதில் பேசுனாரு. அந்தப் பையன் எத வித்திருக்கான், பேசுறதுக்கு?”

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. நானாகப் போன் செய்தால் விலை ஏறிவிடும் என்று பொறுத்திருந்தேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் பொறுத்திருந்தேன். புதன்கிழமை கூப்பிட்டபோது அவன் கைப்பேசி அணைந்திருந்தது. வியாழனும் அப்படியே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் பழைய முதலாளியிடம் விசாரித்து, அவன் குடியிருந்த அடுக்குமாடிக்குப் போனேன். நாலாவது மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. எங்கள் பரம்பரையில் சரக்கைத் தேடி, விற்பவன் வீட்டுப் படி ஏறிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஷர்மினி கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. உள்ளே போய் அவனை எழுப்பினாள். சன்னல் ஓரத்தில் ஒரு மேசை வெறுமையாக இருந்தது. மடிக்கணினி இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது. சிங்கப்பூர் வேலையில் சேர்ந்து ஐந்து நாள் ஆயிற்று என்றான் ரூபேந்திரன். கண் சிவந்திருந்தது. மடிக்கணினியையும் மைக்கையும் கோத்தா திங்கியிலிருந்து ஒரு பையன் வந்து வாங்கிப் போய்விட்டான். உள்ளே இருந்த பாட்டையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தானாம், அடுத்தவன் கேட்டுச் சிரிக்கக் கூடாதென்று.

நான் உள்ளதைச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு சரக்கை அதன் முழு விலைக்குச் சொன்னேன். வேனில் கேட்டதை, தங்கராஜு அண்ணன் திருப்பத்தைத் தவறவிட்டதை, தேன்மொழி எழுந்து நின்றதை, நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை. பதினைந்து வருடத்தில் என் கடைக்கு வந்த ஒரே பாட்டு அதுதான் என்றேன். அன்று நான் சொன்னது விலையைக் குறைக்கச் சொன்னது, எங்கள் ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்றேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். தன்னைவிட வயதில் பெரியவர் ஒருவர் உளறும்போது மரியாதையுள்ள பிள்ளைகள் கேட்பதுபோலக் கேட்டான்.

“ஆறுதலுக்கு சொல்றீங்க ண்ணே. புரியுது. ஆனா மொதல்ல வாயில வந்ததுதானே மனசுல இருந்தது?”

வேனில் பெண்கள் விழித்துக்கொண்டதை மறுபடி சொன்னேன்.

“அந்த பீப் சத்தத்துக்கு தூக்கம் கலஞ்சிருக்கும் ண்ணே,” என்றான். “நீங்கதானே சொன்னீங்க, எரிச்சலா இருக்குன்னு.”

வேறு வழி தெரியாமல் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அவன் அதைப் பார்த்தான். இத்தனை நேரம் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அவன் முகத்திலிருந்து போய்விட்டது. இப்போது நன்றாகவே சம்பாதிக்கிறேன், இதெல்லாம் எதற்கு என்று சொல்லி, நோட்டுகளை அடுக்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். ஒன்று மட்டும் கேட்டான். அந்தப் பாட்டை என் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் யாராவது கேட்டுவிட்டால் வெட்கமாக இருக்கும்.

ஷர்மினி படிக்கட்டுவரைக்கும் என் பின்னால் வந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“சிங்கப்பூருக்கு போகச் சொன்னது நாந்தான் ண்ணே. இருந்தாலும் நீங்க அன்னைக்கு சொன்னதுக்கு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்காரு. திரும்ப வந்து மாத்தி சொல்லாதீங்க.”

கடைக்கு வந்து பதினாலாம் நம்பரை அழித்தேன். வைத்துக்கொள்ளலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொல்லத்தான் செய்தது. வாட்ஸ்அப்பில் இருந்ததையும் சேர்த்து அழித்தேன். தங்கராஜு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். என் பென் டிரைவைக் கேட்காதே, மீறிக் கேட்டால் தேன்மொழியை அனுப்பிவைக்கிறேன், அவளிடம் பேரம் பேசிக்கொள் என்றார். ஏற்கெனவே விற்றுப்போன இருநூற்றுச் சொச்சம் பென் டிரைவ் எந்தெந்த லாரியில் எந்தெந்த ஊரில் ஓடுகிறதோ. அவை ஒவ்வொன்றிலும் பாடியவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் கடைப் பெயர் இருக்கிறது. அவ்வப்போது போன் வரும். பதினாலாவது யார் பாடியது, இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். சொல்ல எனக்கு அனுமதியில்லை. தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

வாசலில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். முதல் இருபது இப்போது கிடையாது. எனக்குப் பிடித்தது எத்தனையோ அத்தனை, பாடியவர் பெயரோடு. போன மாதம் அது ஒன்றாக இருந்தது. இருபத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டு ஒரு பாட்டுத்தான் பொறுக்கினாயா என்று சண்டை போட்டுவிட்டு, இரண்டு லாரிக்காரர்கள் பாசார் மாலாம்காரனிடம் போய்விட்டார்கள். காலையில் கடை திறக்குமுன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறேன். குறிப்பு எழுதிக்கொண்டே கேட்கிறேன், இல்லாவிட்டால் விரல் அடுத்த பாட்டுக்கு ஓடிவிடுகிறது. முதல் சில வாரம் எதுவுமே விளங்கவில்லை. எல்லாம் ஒரே பாட்டாகத் தோன்றியது. நடுவில் ஒருநாள் நிஜமாகவே மோசமான ஒன்றைக் கேட்டு, இது மோசம் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நேற்றுவரைக்கும் கணக்கு இது. வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த உள்ளூர்ப் பாட்டு மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு. முதலிலிருந்து முடிவுவரை கேட்டது ஆயிரத்து நூற்று எண்பது. திரும்பக் கேட்கத் தோன்றியது ஐந்து. ஐந்து பேருக்கும் போன் செய்தேன், பாட்டு நல்லா இருக்கு என்று மட்டும் சொல்வதற்காக. நம்பியவர்கள் இரண்டு. எவ்வளவு வெள்ளி கட்டணும் ண்ணே என்று கேட்டவன் ஒன்று. பாடுவதை விட்டு ஏழு மாதம் ஆகிறது என்று சொன்னவள் ஒன்று. எண் உபயோகத்தில் இல்லாதது ஒன்று. அழித்த பதினாலாம் நம்பர் ஒன்று, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் தனியாக வைத்திருக்கிறேன். இன்னும் கேட்காமல் பாக்கி, இரண்டாயிரத்து முப்பத்தைந்து.